மழைக்காலத்து முட்டை: கழுவலாமா, எங்கே வைக்கலாம்?

மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். லயத்துக்குப் பின்னால் கூடு கட்டி 14 முட்டைக்கோழிகள் வளர்க்கிறார். முன்பு நாளுக்குப் பத்து, பதினொரு முட்டை கிடைத்தது. ஜூன் மழை பிடித்ததிலிருந்து ஐந்தைத் தாண்டவில்லை. வருவதும் சேறும் எச்சமுமாக வருகிறது. அதனால் பைப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரம் படாத இடமென்று அடுப்புக்கு மேலுள்ள தட்டில் அடுக்கி வைக்கிறார். கடைக்காரர் இரண்டு தடவை "கெட்ட முட்டை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஃப்ரிட்ஜ் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி. அந்தக் காசில் கொஞ்சத்தை எடுத்துக் கூட்டின் கூரைத் தகரத்தை இரண்டடி வெளியே நீட்டுங்கள். முட்டை குறைந்ததற்கும், அழுக்கானதற்கும், கடைசியில் கெட்டுப் போனதற்கும் கூட்டுத் தரையின் ஈரந்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் கழுவுவதைப் பார்ப்போம். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கோழி முட்டையிடும்போதே அவற்றை மூடி ஒரு மெல்லிய பூச்சு வந்துவிடும். இட்ட கணத்தில் ஈரமாகப் பளபளக்கும், உடனே காய்ந்துவிடும், அதுதான். தண்ணீரில் தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடுகிறது. அதைவிடக் கெடுதல், உங்கள் பைப்பில் வருவது மலை ஊற்றுப் பீலித் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். கோழி வயிற்றுச் சூட்டோடு இருக்கும் முட்டை அதில் பட்டதும் உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கும்போது வெளியிலுள்ள அழுக்குத் தண்ணீரைத் துளை வழியே உள்ளே இழுக்கும். ஆக, சுத்தம் செய்வதாக நினைத்து நாமே கிருமியை உள்ளே அனுப்புகிறோம்.

அமெரிக்காவில் கழுவித்தானே விற்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் அங்கே வெந்நீரில் கழுவுகிறார்கள், கழுவிய முட்டை வீட்டுக்கு வரும்வரை குளிரிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் கழுவாமலேதான் விற்கிறார்கள். நமக்கு அந்த வழிதான் சரி. இலேசாக ஒட்டியிருக்கும் அழுக்கைக் காய்ந்த துணியாலோ தேங்காய் மட்டை நாராலோ மெதுவாகத் துடைத்துவிடுங்கள். துடைத்தும் போகாத முட்டையைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம். முட்டையை விடச் சூடான தண்ணீரில் சட்டென்று கழுவித் துடைத்து, அன்றைக்கே வீட்டுச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள்.

அடுப்புத் தட்டிலிருந்து முட்டையை இன்றைக்கே இறக்குங்கள். அங்கே ஈரம் இல்லைதான், ஆனால் காலையும் மாலையும் சூடு ஏறி ஏறி இறங்குகிறது. முட்டைக்கு அதுதான் ஆகாது. வெயில் படாத மூலையில், தரையை விட்டுச் சற்று உயரத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் கழுவாத முட்டை இரண்டு, மூன்று வாரம் தாராளமாக நிற்கும். கருவாடு, மண்ணெண்ணெய்ப் போத்தல் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஓடு வாசனையை இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: உள்ளே வைத்த முட்டையை வெளியே எடுத்து வைத்துத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். ஓடு வேர்த்து நனையும், பிறகு கழுவிய முட்டையின் கதைதான்.

கொடுக்குமுன் சோதிக்க, இருட்டில் போன் டோர்ச்சை முட்டையின் அகன்ற முனையில் பிடித்துப் பாருங்கள். புது முட்டையில் காற்றறை சின்னதாக இருக்கும். நாள் போகப் போக உள்ளே ஈரம் வற்றி அது பெருக்கும். தண்ணீரில் போட்டால் பழைய முட்டை மிதப்பதும் இதனால்தான். ஆனால் மிதப்பு வயதைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. முட்டையில் பென்சிலால் திகதி எழுதிவிட்டால் இந்தச் சோதனைகளுக்கே வேலை இல்லை.

இனி கூடு. மழைச் சாரல் அடிக்கும் பக்கம் உரப்பைகளைத் தைத்துத் தொங்கவிடுங்கள், ஆனால் கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். குளிருகிறதே என்று முழுக்க அடைத்தால் எச்சத்தின் நெடி உள்ளேயே தங்கிக் கோழிக்குச் சளி பிடிக்கும். குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரியும். நனைந்த மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு, நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த தூள் போட்டு, இரண்டு நாளைக்கொருமுறை கிளறிவிடுங்கள். 14 கோழிக்கு முட்டையிட மூன்று பெட்டியாவது கூட்டுக்குள் வேண்டும். பெரும்பாலான முட்டை முற்பகலிலேயே விழுந்துவிடும் என்பதால், கொழுந்து மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வரும்போது எடுத்துவிட்டால் பாதி அழுக்கு குறையும்.

முட்டை குறைந்ததற்குப் பகல் வெளிச்சம் குறைந்ததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். குளிர்நாடுகளில் அது பெரிய விஷயம். இலங்கையிலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேரந்தான் வித்தியாசம், அதிலும் ஜூனில் பகல் நீளம். மூடுபனி நாட்களில் கூடு இருட்டடிப்பது உண்மை, மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு பல்ப் எரியவிட்டால் நல்லது. ஆனால் நான் முதலில் தீனியைத்தான் சந்தேகிப்பேன். ஒரு முட்டைக்கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீனி வேண்டும், உங்கள் 14க்கும் ஒன்றரை கிலோவுக்கு மேல். குளிரில் அதில் ஒரு பங்கு உடம்புச் சூட்டுக்கே போய்விடும். விலை கூடிவிட்டதென்று முட்டைக்கோழிக்கான லேயர் தீனியில் தவிடும் மிச்சச் சோறும் கலப்பவர்கள் நிறையப் பேர். கலந்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையும், ஓடு மெலியும், அப்புறம் முட்டையே நிற்கும். தனிச் சட்டியில் சிப்பித்தூள் வையுங்கள். கோழிக்கு ஒன்றரை வயது தாண்டி இறகு கொட்டுகிறதென்றால் மட்டும் பொறுமைதான் மருந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும். தீனியே எடுக்காமல் தூங்கி வழிந்தால் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெரியபிள்ளையான பிள்ளைகளுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வெந்த முட்டையின் புரதந்தான் உடம்பில் கூடுதலாகச் சேரும், வயிற்றைக் கெடுக்கும் சல்மொனெல்லா கிருமியின் பயமும் இல்லை. எண்ணெயை விட வேண்டாம், முட்டையை மட்டும் பொரித்துக் கொடுங்கள்.

கடைசியாக, அவித்த முட்டை உரிக்கும்போது பிய்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். புது முட்டை அப்படித்தான், வெள்ளைக்கரு தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் போனால் தானாக விடும். நம் மலையில் வேகவும் நேரம் கூடுதல் வேண்டும்: 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், உங்கள் பக்கம் 95, 96 இருக்கும். கொதித்த பிறகு 12, 13 நிமிடம் விடுங்கள். புதுசைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, போன வாரத்துத் திகதி போட்டதை வீட்டில் அவியுங்கள்.