அப்பாவின் ஜிஐ பில்லா, சாப்டர் 35-ஆ?

வணக்கம். கலிபோர்னியா அரசுக் கல்லூரியில் சேரப்போகிறீர்கள். அப்பா ராணுவத்தில் இருந்தபோதே தன் ஜிஐ பில்லை (ராணுவச் சேவைக்காக அமெரிக்க அரசு மாதக் கணக்கில் தரும் கல்வி உதவி) உங்களுக்கும் தம்பிக்கும் பிரித்து மாற்றியிருக்கிறார். இப்போது 100% ஊனமுற்றவர். அந்த ஜிஐ பில்லா, அல்லது இப்படி ஊனமுற்ற படைவீரரின் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையான சாப்டர் 35-ஆ, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜிஐ பில்லை இப்போதைக்குத் தொடமாட்டேன்.

முதலில் அப்பாவின் ஊனம் பற்றி அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 100% என்று மட்டும் இருந்தால் போதாது. பணியால் வந்த, நிரந்தரமான, முழுமையான ஊனம் என்று இருந்தால்தான் சாப்டர் 35 கிடைக்கும். அந்தப் பணம் மாதாமாதம் உங்கள் கைக்கே வரும், கல்லூரிக்குப் போகாது.

சரி, கல்விக் கட்டணம்? அதற்குத்தான் கலிபோர்னியாவின் முன்னாள் படைவீரர் துறையான கால்வெட் தரும் கட்டண விலக்கு; அதில் பிளான் ஏ, பிளான் பி என்று வகைகள் உண்டு. இதில் கவனம் தேவை: பிளான் ஏ எடுத்தால் கூடவே சாப்டர் 35 வாங்க முடியாது, பிளான் பி என்றால் இரண்டையும் வாங்கலாம். ஆனால் பிளான் பி-க்கு மாணவரின் ஆண்டு வருமானத்துக்கு வரம்பு உண்டு, பெற்றோர் தரும் ஆதரவும் அதில் சேரும். அதனால் உங்கள் கவுண்டியின் முன்னாள் படைவீரர் சேவை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

மிஞ்சும் ஜிஐ பில் மாதங்களை அப்பா தம்பிக்குத் திருப்பிவிடலாம். தம்பி பெயருக்கு ஏற்கெனவே ஒரு மாதமாவது மாற்றியிருப்பதால் ஓய்வுக்குப் பிறகும் இது முடியும். மேற்படிப்புக்கு நீங்களே வைத்துக்கொள்வதானால், 26 வயதுக்குள் பயன்படுத்தியாக வேண்டும்.

அப்புறம், சாப்டர் 35-க்கு 22-5490 படிவம். 22-1990இ மாற்றப்பட்ட ஜிஐ பில்லுக்கானது, அதை அனுப்பிவிடாதீர்கள்.