பள்ளத்து பீன்ஸ் மட்டும் ஏன் கருகியது?
ஊட்டிப் பக்கம் பிப்ரவரியில் போட்ட பீன்ஸ் ஒரே இரவில் கருகிவிட்டது, மேட்டில் இருக்கும் பக்கத்துத் தோட்டம் தப்பித்தது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நிலம் ஓடையோரப் பள்ளம்தானே? குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். வானிலை அறிக்கை 4 டிகிரி என்றாலும் உங்கள் தரையில் உறைபனி விழலாம். அந்த இடத்தில் கேரட், முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும். பீன்ஸ் சுத்தமாகத் தாங்காது. மறுவிதைப்பை மார்ச் பாதிக்குமேல் தள்ளுங்கள். அதுவரை இரவு தெளிவாக இருக்கும் போலத் தெரிந்தால் பகலிலேயே மண்ணை நனைத்துவிடுங்கள், ஈர மண் வெயில் சூட்டைப் பிடித்து வைக்கும். நாற்றுமேல் காய்ந்த புல் பரப்பி, காலையில் எடுத்துவிடலாம். அப்புறம், ஏப்ரலில் கோடை மழையோடு ஆலங்கட்டியும் வரலாம். அதற்கு என்னிடமும் வைத்தியம் இல்லை.