அடிபம்புத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,
ஒளிச்சேர்க்கை தோன்றுவதற்கு முன் காற்றில் ஆக்சிஜனே இல்லை என்று வகுப்பில் சொன்னார்கள். அதை யார் பார்த்தது? எல்லாம் ஊகம்தானே? அன்றைய உயிர்கள் எப்படித்தான் மூச்சு விட்டன?
ச., சேலம்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த நேரம், இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டின் அடிபம்பை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மூச்சு பற்றிய சந்தேகத்தை விடுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வயல் சேற்றிலும் நம் குடலிலும் இன்றும் இருக்கின்றன. அன்றைய காற்றில் புற ஊதாக் கதிர் நீராவியை உடைத்துத் துளி ஆக்சிஜன் உண்டாகும். எரிமலை வாயுக்கள் அதையும் தின்றுவிடும். இன்றுள்ளதில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஆனால் 'யார் பார்த்தது?' என்று படிக்கிற பிள்ளை கேட்கலாமா? கோபம்தான் வருகிறது.

எங்கள் பம்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும். அம்மா ராத்திரியே டிரம்மில் பிடித்து வைப்பார். விடிந்தால் அடியில் செங்காவி வண்டல். கலங்காமல் மேல்தண்ணீரைச் சொம்பால் மொள்வார். அப்படியும் என் வெள்ளைச் சட்டை பழுப்பேறிவிடும். "காத்து பட்டதும் கறை கக்குது பாரு" என்பார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சரியாகத்தான் சொன்னார். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை, இரும்பு கரைந்தே கிடக்கிறது. காற்று பட்டதும் துருவாகிப் படிகிறது. ஆதிக்கடல் முழுக்க அந்தப் பம்பின் அடித்தண்ணீர்தான். காற்றில் ஆக்சிஜன் இருந்திருந்தால் அவ்வளவு இரும்பு கடலில் கரைந்து நின்றிருக்குமா?

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில், ஏறக்குறைய 280 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றில் உருண்டு மழுங்கிய பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) மணிகள் பாறைக்குள் அப்படியே இருக்கின்றன. இன்றைய ஆற்றில் அவை துருவேறி அழிந்துவிடும். நீலப்பச்சைப் பாசிகள் விட்ட ஆக்சிஜன் காற்றில் நிலைத்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

சேலத்தில் இருந்துகொண்டு ஊகம் என்கிறீர்களே! பக்கத்தில்தானே கஞ்சமலை? அந்தக் கடலில் படிந்த இரும்பு, பிறகு பூமிக்குள் வெந்து இறுகி, அங்கே கல்லாகக் கிடக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. கறுப்புக் கோடு இரும்பு, வெள்ளைக் கோடு வெங்கச்சாங்கல். ஞாயிற்றுக்கிழமை ஒரு காந்தத்தோடு போய்க் கறுப்புக் கோட்டில் வையுங்கள். ஒட்டியதும் எனக்கு எழுதுங்கள், தம்பி.