கணவர் பெயரா, பிறந்த வீட்டுப் பெயரா? குடும்பப்பெயரும் சட்டமும்

கேள்வி: வெளிநாட்டில் பணிபுரியும் என் மகள், வேறொரு நாட்டைச் சேர்ந்தவரை அங்கேயே மணக்கவிருக்கிறாள். கணவரின் குடும்பப்பெயரை மனைவி ஏற்றே ஆக வேண்டும் என்பது சட்டமா, வெறும் வழக்கமா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் அது வழக்கம்தான். ஒரே பெயரைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கும் நாடு என்றால் முதலில் ஜப்பானைத்தான் சொல்ல வேண்டும். அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 750-ஆவது பிரிவு, தம்பதியர் இருவரும் கணவர் பெயரையோ மனைவி பெயரையோ பொதுப் பெயராகக் கொள்ள வேண்டும் என்கிறது. திருமணப் பதிவுப் படிவத்திலேயே இதற்கென இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஏதேனும் ஒன்றில் குறியிடாவிட்டால் படிவத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஏட்டளவில் இது இருபாலரையும் சமமாக நடத்தும் சட்டமே என்றாலும், ஏறக்குறைய 95 விழுக்காட்டுத் தம்பதியர் கணவர் பெயரையே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானதல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் தீர்ப்பளித்தது. ஆனால் ஜப்பானியர் ஒருவர் வெளிநாட்டவரை மணந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. அவரவர் பெயருடனேயே இருந்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிராக, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் கணவனும் மனைவியும் பிறப்புப் பெயரைக் கொண்டுதான் தங்கள் உரிமைகளைப் பயன்படுத்த முடியும். மனைவி விரும்பினாலும் திருமணத்தை மட்டும் காரணம் காட்டிப் பெயரை மாற்றிக்கொள்ள இயலாது. பெண்ணின் அடையாளத்தைக் காக்க வந்த சட்டம் அவளுடைய விருப்பத்துக்கும் சேர்த்தே கதவைச் சாத்தியது சற்று அதிகப்படியானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரெஞ்சு முறையை இன்னும் பக்குவமானது என்பேன். பிறப்புச் சான்றில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் சூடிக்கொள்ளக் கூடாது என்று 1794-இல், புரட்சிக் காலத்தில், இயற்றப்பட்ட சட்டமே இன்றும் அங்கே அடிப்படை. வாழ்க்கைத்துணையின் பெயரைக் கணவனோ மனைவியோ அன்றாட வழக்கில் வைத்துக்கொள்ளலாம், அடையாள அட்டையிலும் சேர்க்கலாம். பதிவேட்டில் உள்ள பெயர் மட்டும் அசையாது. நாளை மணமுறிவு நேர்ந்தாலும் பழைய பெயரைக் கேட்டு மனுப் போட வேண்டியதில்லை, ஏனெனில் அந்தப் பெயர் மாறவே இல்லை.

உங்கள் மகள் கையெழுத்திடும் முன் பதிவாளரிடம் கேட்க வேண்டியது, அவருடைய பெயருக்குக் குடியுரிமை நாட்டின் சட்டம் பொருந்துமா, வசிக்கும் நாட்டின் சட்டம் பொருந்துமா என்பதைத்தான். இதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஜெர்மனியில் முன்பு குடியுரிமையைப் பார்த்தார்கள், 2025 மே 1 முதல் வழக்கமாக வசிக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: குழந்தைக்குத் தாய், தந்தை இருவரின் குடும்பப்பெயரையும் சேர்த்து வைக்க முடியுமா?

பதில்: ஸ்பெயினில் குழந்தைக்கு இரண்டு பெயர் இருப்பதே மரபு. எது முதலில் வருவது என்பதைப் பெற்றோர் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தந்தை பெயரே முன்னால் என்ற பழைய விதி 2017-இல் போய்விட்டது, இப்போது பதிவாளர் முடிவு செய்கிறார். இத்தாலியில் தந்தை பெயர் தானாகவே குழந்தைக்கு வந்து சேர்ந்த முறையை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2022-இல் செல்லாது என்றது. இருவரின் பெயரும் சேர்ந்து வருவதே இப்போது பொது விதி, ஒன்று போதும் என்றால் பெற்றோர் இருவரும் இசைய வேண்டும்.

ஆனால் ஒரு நாடு தந்த பெயரை மற்றொரு நாடு ஏற்குமா என்பதில்தான் சிக்கலே. 1998-இல் டென்மார்க்கில் பிறந்த குழந்தை ஒன்றுக்கு அங்கே பெற்றோர் இருவரின் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். பெற்றோர் இருவரும் ஜெர்மானியக் குடிமக்கள். ஜெர்மானியச் சட்டமோ குழந்தைக்கு அத்தகைய இரட்டைப் பெயரை அன்று அனுமதிக்கவில்லை. ஆகவே பிறப்புச் சான்றில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறொரு பெயர் என்ற நிலையில் அந்தப் பிள்ளை வளர வேண்டியிருந்தது. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒன்றிய நாடுகளின் குடிமகனை இப்படி இரு பெயருடன் அலையவிடுவது தடையற்ற நடமாட்டத்துக்குக் குந்தகம் என்று கூறி ஜெர்மனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜெர்மனி உள்நாட்டுச் சட்டத்தில் குழந்தைகளுக்கு இரட்டைப் பெயரை அனுமதித்ததோ 2025-இல்தான்.

கேள்வி: திருமணமும் இல்லை, வேறு காரணமும் இல்லை, குடும்பப்பெயர் பிடிக்கவில்லை. மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: இங்கிலாந்தில் மாற்றலாம். ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை யாரும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே பொதுச்சட்ட மரபு, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த சட்டம். அலுவலகங்களில் காட்டுவதற்காக ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் ‘பிடிக்கவில்லை’ என்பது எடுபடாது, தக்க காரணம் காட்ட வேண்டும். கேலிக்கு இடம் தரும் பெயர் என்றால் கேட்டுக்கொள்வார்கள். பிரான்ஸ் 2022 ஜூலை முதல் நடுவழி ஒன்றைத் திறந்திருக்கிறது. வயதுவந்த எவரும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, காரணம் சொல்லாமல், தாய் அல்லது தந்தையின் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். நகராட்சி அலுவலகத்தில் படிவம் கொடுத்த பின் குறைந்தது ஒரு மாதம் கழித்து நேரில் வந்து உறுதி செய்தால்தான் அது செல்லும். அப்படி மாறும்போது 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரும் கூடவே மாறிவிடும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் சம்மதம் வாங்க வேண்டும்.