முகாமில் ‘நார்மல்’, ஆனால் ரத்தம் பட்டதே!

கேள்வி: என் வயது 56. நான்கு வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து, நோய் திரும்பாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். கீமோவோடு மாதவிடாயும் நின்றுவிட்டது. எங்கள் ஆதரவுக் குழு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களுக்குப் பெண்களை அழைத்து வந்து தைரியம் சொல்வது என் பொறுப்பு. முகாமில் நாற்காலிகளைத் தூக்கியதிலிருந்து இரண்டு நாள் முதுகுவலி. திடீர் திடீரென்று உடம்பு சூடாகிறது. அறுவை செய்த பக்கம் அக்குளில் மரத்த உணர்வு. நானாகவே பார்த்த சிஏ 15-3 என்ற மார்பகப் புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனையில், எல்லைக்குள்தான் என்றாலும், போன முறையைவிட எண் கூடியிருக்கிறது. டமாக்சிஃபெனே புற்றுநோயைத் தரும் என்று இணையத்தில் படித்துவிட்டு இரண்டு மாதமாக அதை நிறுத்திவிட்டேன். இடையில் இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டது. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்றுவிட்டது. முகாமில் எடுத்த பாப் ஸ்மியர் நார்மல். எனக்குத் திரும்பவும் வந்துவிட்டதா? வந்திருந்தால், ‘பயப்படாதீங்க, என்னைப் பாருங்க’ என்று நான் சொன்ன பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பேன்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மருத்துவர் பதில்:

இவ்வளவு நீளமான கடிதத்தில் ரத்தம் பட்டதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பெண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அது ஒரே ஒரு முறைதான் என்றாலும், கர்ப்பப்பையின் உட்சுவரைப் பார்த்தே ஆக வேண்டும். டமாக்சிஃபென் சாப்பிட்டவர் என்றால் காத்திருக்கவே கூடாது. இந்த வாரமே மகளிர் நோய் மருத்துவரிடம் போங்கள். மாத்திரை போட்டதும் நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். ரத்தம் நின்றால் அதன் காரணமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

முகாமில் கிடைத்த ‘நார்மல்’ சீட்டு இதற்குப் பதில் ஆகாது. பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கிற பரிசோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையும், அதற்கு முந்தைய மாற்றங்களையும் கண்டுபிடிக்க வந்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் உங்களுக்குப் பார்க்க வேண்டியது வாயை அல்ல, உள்ளே இருக்கும் சுவரை. வாசலை மட்டும் பார்த்துவிட்டு உள்ளறை சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. உட்சுவரில் நோய் இருக்கும்போதே ஸ்மியர் நார்மலாக வருவது சகஜம்.

முகாமில் வேலை செய்கிறவர் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. தொந்தரவு இருப்பவருக்குத் தேவை நோயறியும் பரிசோதனை. இரண்டும் வேறு வேறு வழிகள். மார்பில் கட்டி தெரிகிற பெண்ணை முகாம் வரிசையில் நிறுத்தி மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து, ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பினால் அது ஆபத்து. மேமோகிராம் எட்டில் ஒரு புற்றுநோயைத் தவறவிடக்கூடியது. கட்டி இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசி போட்டு பயாப்ஸி, அதாவது சோதனைக்குத் துளி திசு, எடுக்க வேண்டும். உங்கள் குழுவிடம் சொல்லி, பெயர் பதியும் மேஜையிலேயே இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: எங்கேயாவது கட்டி தட்டுப்படுகிறதா? மாதவிடாய் நின்ற பிறகோ, உறவுக்குப் பிறகோ ரத்தம் படுகிறதா? ‘ஆமாம்’ என்று சொல்கிறவர் நேராக மருத்துவரிடம் போகட்டும். அவர் கையில் ஒரு நார்மல் சீட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய் இப்படி ரத்தம் பட்டுத் திரும்பி வருவது மிக அரிது. மாதவிடாய் நின்ற பின் ரத்தம் படுகிற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோயே இருப்பதில்லை. உட்சுவர் மெலிந்து போயிருக்கும், அல்லது பாலிப் என்ற சிறு சதை வளர்ந்திருக்கும். டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்குப் பாலிப் வருவது அதிகம். கீமோவால் நின்ற மாதவிடாய் சிலருக்குத் திரும்புவதும் உண்டு. ஆனால் இதில் எது உங்களுக்கு என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் உட்சுவர்ப் புற்றுநோய் வந்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் பட்டிருக்கிறது. சீக்கிரமே எச்சரிக்கை கொடுக்கிற நோய் இது. கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையில் பிடித்துவிட்டால் 5 வருடங்களைக் கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்கு 90 பேருக்கும் மேல். பலருக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். ஒருவேளை அதுவே இருந்தாலும் அது புதிதாக வந்த வேறொரு நோய். நீங்கள் நான்கு வருடமாகப் பயந்துகொண்டிருந்த பழைய நோயின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். மற்ற பெண்களுக்கு உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) உட்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது. உட்சுவருக்கு அடியில் இருக்கும் திசுவில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் உண்டாகி, நோயே இல்லாதபோதும் ஸ்கேனில் தடிமனாகத் தெரியும். அதனால் ஹிஸ்டரோஸ்கோபி என்ற மெல்லிய கேமரா வழியாக உள்ளே பார்த்து, அங்கிருந்து பயாப்ஸி எடுப்பதுதான் தெளிவான பதிலைத் தரும். பலருக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிடாய் வலி மாதிரி அடிவயிற்றில் இழுக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

அந்த மாத்திரை விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் வருத்தம்தான். ரத்தத்தை நிறுத்துவதற்கு மருந்துக்கடைகளில் வழக்கமாகக் கொடுப்பது ட்ரானெக்ஸாமிக் ஆசிட். உறைந்த ரத்தம் கரையாமல் தடுத்து வேலை செய்கிற மருந்து அது. டமாக்சிஃபெனோ ரத்தக் கட்டி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகிற மருந்து, நிறுத்திய பிறகும் சில வாரங்கள் உடம்பில் தங்கியிருக்கும். இரண்டையும் யோசிக்காமல் ஒன்றுசேர்ப்பது விபரீதத்தில் முடியலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மீதி மாத்திரை இருந்தால் போடாதீர்கள்.

டமாக்சிஃபென் பற்றி நீங்கள் படித்தது பாதி உண்மை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1996இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது நிஜம்தான். கர்ப்பப்பை உட்சுவருக்காகத்தான் சேர்த்தது. அடுத்த மார்பில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அதே மருந்து குறைக்கிறது என்பதையும் அதே மதிப்பீட்டில் சொல்லியிருக்கிறது. அந்த வரியை யாரும் பகிர்வதில்லை. 50 வயதைத் தாண்டிய ஆயிரம் பெண்களில் வருடத்துக்குச் சுமார் ஒருவருக்கு வருகிற உட்சுவர்ப் புற்றுநோய், டமாக்சிஃபெனால் இரண்டு மூன்று பேராகக் கூடலாம். ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும், மார்பகப் புற்றுநோயில் 5 வருடம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால், அந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நீங்கள் நிறுத்தியது இந்தப் பாதுகாப்பை. அதையும் உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குச் சொல்லாமல்! நாளைக்கே அவரை அழைத்து, நிறுத்தியதையும் ரத்தம் பட்டதையும் சொல்லுங்கள். நீங்களாகவே மறுபடியும் ஆரம்பிக்கவும் வேண்டாம். மாதவிடாய் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று உறுதியானால் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மருந்துகளுக்கு மாற்றலாம். அவை உட்சுவரை இப்படித் தூண்டுவதில்லை.

மற்றதெல்லாம் பெரிதில்லை. நாற்காலி தூக்கி வந்த முதுகுவலி இரண்டு நாளில் போய்விட்டது, விடுங்கள். வாரக்கணக்கில் நீடித்து, இரவில் தூக்கத்தைக் கெடுத்து, நாளுக்கு நாள் கூடுகிற எலும்பு வலி வந்தால்தான் சொல்ல வேண்டும். உடம்பு சூடாவது டமாக்சிஃபெனாலும் மாதவிடாய் நிற்பதாலும் வருவது. அதற்கும் கடையில் மாத்திரை கேட்காதீர்கள், பராக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை மாதிரி சில மருந்துகள் டமாக்சிஃபெனை வேலை செய்ய விடாது. அக்குளில் மரத்த உணர்வு, அறுவையின்போது தோல் நரம்பு பாதிக்கப்பட்டதால். சிஏ 15-3 எண் எல்லைக்குள் ஏறி இறங்குவது சாதாரணம், தொந்தரவு இல்லாதவர் அதை அடிக்கடி பார்ப்பதால் பயம்தான் மிச்சம்.

அந்தப் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டீர்கள். ஒருமுறை குணமானவருக்கு இனி எதுவும் வராது என்றா அவர்களிடம் சொன்னீர்கள்? இல்லையே, பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றுதானே சொன்னீர்கள்! நோயைக் கடந்து வந்தவர்கள் எந்நேரமும் திடமாகவே நிற்க வேண்டும் என்று நம் குழுக்களில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. அடுத்தவருக்கு ஆறுதல் சொல்கிறவர் தன் பயத்தை யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையில் போய் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாப் பெண்களிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. குழுவில் நீங்கள் நம்புகிற ஒருவரிடம் மட்டும் சொல்லி, மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

போகும்போது பழைய சிகிச்சைச் சுருக்கம், பயாப்ஸி அறிக்கை, ரத்தம் பட்ட தேதிகள், டமாக்சிஃபெனை நிறுத்திய தேதி, கடையில் வாங்கிய மாத்திரையின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பயாப்ஸி முடிவு வர சில நாட்கள் ஆகும். அதுவரை இணையத்தில் தேடாதீர்கள். இரவில் பயம் வந்தால் கூட வந்தவரை அழைத்துப் பேசுங்கள். திரும்பவும் ரத்தம் அதிகமாகப் போனால் முடிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.