வீட்டுத் திரையரங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நான்கறை வீட்டுக்கு 65 அங்குலத் தொலைக்காட்சி வாங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் வசந்தம் ஒளிவழியில் நாடகம் பார்க்கும் என் தாயாருக்கு வசனம் பிடிபடுவதில்லை. ஒலியைக் கூட்டினால் பின்னணி இசைதான் பெரிதாகிறது. டால்பி அட்மாஸ் வசதியுள்ள 5.1.2 ஒலிபெருக்கித் தொகுதி வாங்கினால் தீர்வு கிடைக்குமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: கிடைக்காது. 2012இல் திரையரங்குகளுக்கும் 2014இல் வீடுகளுக்கும் வந்த அட்மாஸ், மழையும் விமானமும் தலைக்கு மேலே கேட்பது போன்ற உணர்வைத் தருவதற்காக உருவானது, 5.1.2 என்பதில் கடைசி இரண்டு ஒலிபெருக்கிகள் அந்த உயரத்துக்கு உரியவை. உங்கள் தாயாருக்கு வேண்டியது உயரம் அன்று, தெளிவு.

இன்றைய தொலைக்காட்சிகள் மெல்லியவை என்பதால் அவற்றின் சிறிய ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்திருக்கின்றன. பேச்சு சுவரில் பட்டுத் திரும்பி வந்து சேர்வதற்குள் அதன் கூர்மை மழுங்கிவிடுகிறது. வயது ஏறும்போது செவி முதலில் இழப்பது உயர் அதிர்வெண் ஒலிகளை. ச, த, ப போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் அவையே. ஆகவே ஒலியைக் கூட்டும்போது உயிரொலியும் இசையும் வளர்கின்றனவே தவிர, சொல் விளங்குவதில்லை. இதை மூத்தோரின் கவனக்குறைவு என்று நினைத்துக் கடிந்துகொள்ளும் வீடுகளைக் கண்டு வருந்தியிருக்கிறேன். மருத்துவரிடம் அவரது செவித்திறனையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கருவி என்று பார்த்தால், நடுவில் பேச்சுக்கென்றே தனி ஒலிபெருக்கி கொண்ட 3.1 சவுண்ட்பார் (தொலைக்காட்சியின் கீழே வைக்கும் நீண்ட ஒலிபெருக்கிப் பட்டை; இடம், நடு, வலம் என மூன்று, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று) போதும். அதைத் தொலைக்காட்சி மேசையின் உள்தட்டில் செருகாமல், விளிம்போடு ஒட்டி முன்னால் வையுங்கள். பேச்சைத் தெளிவாக்கும் வசதியும், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இரவு வசதியும் ரிமோட்டில் இருக்கின்றனவா என்று கடையிலேயே கேளுங்கள். நாடகம் பார்க்கையில் செயற்கைச் சுற்றொலியை அணைத்துவிடுங்கள். நடுவிலிருந்து வரவேண்டிய குரலை அது அறை முழுவதும் சிதறடிக்கக்கூடும்.

கேள்வி: சவுண்ட்பாரை இணைக்க இஏஆர்சி வசதியுள்ள தொலைக்காட்சிதான் வேண்டும் என்கிறார் விற்பனையாளர். உண்மையா? (வாசகர், ஈசூன்)

பதில்: நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏஆர்சி என்பது தொலைக்காட்சியின் ஒலியை, படமும் ஒலியும் செல்லும் எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி; இஏஆர்சி அதன் மேம்பட்ட வடிவம். சாதாரண ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடனும், இஏஆர்சி 2017இல் எச்டிஎம்ஐ 2.1 உடனும் வந்தன. இணையவழிச் சேவைகள் அட்மாஸ் ஒலியைப் பொதுவாகச் சுருக்கிய வடிவிலேயே அனுப்புகின்றன. அதைச் சாதாரண ஏஆர்சியே தாங்கும். 4கே புளூரே வட்டுகளில் உள்ள இழப்பற்ற டால்பி ட்ரூஎச்டி ஒலியைத் தொலைக்காட்சி வழியாகச் சவுண்ட்பாருக்குக் கொண்டுசெல்லத்தான் இஏஆர்சி தேவை. வட்டு வாங்கும் பழக்கம் இல்லையென்றால், நன்றாக இயங்கும் தொலைக்காட்சியை இதற்காக மாற்றவேண்டாம். கம்பியை ஏஆர்சி என்று குறிக்கப்பட்ட துளையில்தான் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒலியே வரவில்லை என்ற புகார்கள் பலவும் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) அதிர்வு கீழ்வீட்டாரைத் தொந்தரவு செய்கிறது. தரைவிரிப்பு போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், பொங்கோல்)

பதில்: தாழ்ந்த ஒலி கான்கிரீட் தளத்தின் வழியாகவே பயணம் செய்யும், மெல்லிய விரிப்பு அதைத் தடுக்காது. பெட்டியை அறையின் மூலையிலிருந்து நகர்த்துங்கள், ஏனெனில் இரு சுவர்கள் சேரும் இடம் தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் காட்டும். அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் அல்லது நுரைத் தட்டு வைத்து, அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இவற்றைச் செய்த பிறகு கீழ்வீட்டுக்குப் போய், அவர்கள் அறையில் நின்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அளவைச் சரிசெய்ய அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. இரவு பத்து மணிக்குமேல் சப்வூஃபரை அணைத்துவிடுவதே முறை.

கேள்வி: புதிய தொலைக்காட்சி வரும்போது பழையதை என்ன செய்வது? (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: மின்தூக்கி அருகே வைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தின்படி, புதியதை வீட்டில் கொண்டுவந்து தரும் விற்பனையாளர், அதே வகையைச் சேர்ந்த பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லவேண்டும். வாங்கும்போதே கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.