சுவரை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை

தம்பி,

புலம்பெயர்ந்த நாட்டில் வீடு கட்ட மனை வாங்கியாயிற்று, வங்கியும் கடனுக்குச் சரி சொல்லிவிட்டது. மொத்த வேலையையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பதா, பிளம்பர், எலக்ட்ரீசியன், டைல்ஸ்காரர் என்று தனித்தனியாக ஆள் பிடித்தால் மிச்சமாகுமா, இந்த நாட்டு ஆட்களை எப்படி வேலை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: தினமும் தளத்துக்குப் போய் நிற்க முடியாது என்றால் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள். தனித்தனியாகப் பிடித்தால், பிளம்பர் ஒரு வாரம் தள்ளிப்போனதுமே அவருக்குப் பின்னால் வர வேண்டிய நாலு பேரும் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கட்டுமானம் வரை ஒருவரிடம் விட்டுவிட்டு, உள்வேலைக்கு மட்டும் நானே ஆள் பிடித்தேன். மிச்சமானது கொஞ்சம், நரைத்தது நிறைய.

'வேலை வாங்குவது' பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணத்தோடுதான் நானும் இறங்கினேன், வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

தரைக்கு மணல்-சிமென்ட் கலவையில் ஸ்கிரீட், அதாவது மேல்தரைக்கு அடியில் வரும் சமன்படுத்தும் பூச்சு, போட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. மேலே தொட்டால் எலும்பாகக் காய்ந்திருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மரத்தரை போட வந்தவர் முழங்காலிட்டு, ஈரம் பார்க்கும் கருவியை ஊன்றி, எண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஐந்து வாரம்" என்றார். எனக்கு ஏறிவிட்டது. காசு கொடுப்பவன் நான், நான் சொல்கிறேன், போடுங்கள் என்றேன். அவர் சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அன்றைய எண்ணை எழுதி, 'எச்சரித்தேன், உரிமையாளர் ஏற்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்து கேட்டார். போட்டேன். நான்கே மாதத்தில் கூடத்துப் பலகை ஒவ்வொன்றும் ஓரம் தூக்கி, நடு குழிந்து நின்றது. வெறுங்காலில் நடந்தால் ஒவ்வொரு இணைப்பும் உறைத்தது. அந்தத் தாளோடு உத்தரவாதமும் போய்விட்டது.

அப்புறம்தான் கணக்குத் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரி ஸ்கிரீட் 50 மில்லிமீட்டர் வரை, நல்ல காற்றோட்டத்தில், நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் காயும். எங்களுடையது 60, 50-க்கு மேற்பட்டது அதைவிட மெதுவாகத்தான் காயும். குளிரும் ஈரமுமான காலத்தில் இன்னும் மெதுவாகும். 28 நாள் என்று நாம் கேள்விப்பட்டது கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்கிற கணக்கு, ஈரம் போகிற கணக்கில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டது நான்தான்.

ஆகவே இங்கே தொழிலாளி 'முடியாது' என்றால் பேரத்துக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். புரியாத வார்த்தைக்குத் தலையாட்டாதீர்கள், அதுதான் நம் ஆட்களின் பெரிய வியாதி. எனக்கு வந்த விலைப்பட்டியலில் டைல்ஸுக்கு எதிரே 'அலவன்ஸ்' என்றிருந்தது. ஏதோ தள்ளுபடி என்று மகிழ்ந்தேன். உண்மையில், டைல்ஸுக்கு இவ்வளவுதான் ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் பிடித்தால் உன் செலவு என்று அர்த்தம். ஒதுக்கிய தொகையோ கடையில் இருப்பதிலேயே மலிவான டைலுக்குத்தான் காணும்.

உங்கள் அதிகாரம் முழுசாகச் செல்லுபடியாகிற ஒரு வாரம் உண்டு. சுவர்களின் சட்டகம் நின்று, குழாயும் வயரும் ஓடி, வெப்பம் காக்கும் இன்சுலேஷனும் சுவரை மூடும் ஜிப்சம் பலகையும் இன்னும் வராத வாரம். அப்போது லீவு போட்டாவது போய்விடுங்கள். ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போட்டிருப்பார்தான், ஆனால் அவர் பார்ப்பது விதியும் பாதுகாப்பும். ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் போகிறதா என்பது அவர் கவலையில்லை. எங்கள் படுக்கையறையில் போயிருக்கிறது. இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்குப் போடுகிறோம். எல்லாச் சுவரையும் அளவு நாடாவை நீட்டிப் பிடித்தபடி போட்டோ எடுத்துவையுங்கள். டிவி, கனமான அலமாரி, குளியலறைக் கைப்பிடி வரும் இடங்களில் திருகு பிடிக்க உள்ளே குறுக்குக் கட்டை அடிக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பத்து நிமிட வேலை, மூடிய பிறகு சுவரை உடைக்க வேண்டும். குளியலறையில் நீர்க்காப்புப் பூசியதும், டைல் ஒட்டுமுன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒருநாள் முழுக்க விடச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் செய்வார்கள்.

மாற்றம் எதுவானாலும், எவ்வளவு சின்னதானாலும், விலையோடு எழுத்தில் வாங்குங்கள். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜிப்சம் பலகைச் சுவரின் மேல்பூச்சுக்கும் தரம் உண்டு, எண் கூடினால் தரம் உயர்வு. வட அமெரிக்காவில் 0 முதல் 5 வரை, ஜெர்மனியில் கியூ1 முதல் கியூ4 வரை. பெரிய ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு உயர்ந்த தரம் கேட்காவிட்டால், சாய்ந்த வெயிலில் பலகை இணைப்பெல்லாம் வரிவரியாகத் தெரியும். ஒப்படைக்கும் அன்று ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

பணத்தை வேலைக்கு முன்னால் ஓடவிடாதீர்கள். சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல் தீரும்வரை கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கட்டும். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்துவைக்கச் சட்டமே சொல்கிறது. உங்கள் இடத்து விதியை ஒப்பந்தம் போடுமுன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் தரையைக் கழற்றி மறுபடி போட அதே ஆளைத்தான் கூப்பிட்டேன். பழைய தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்காலிட்டு, கருவியை ஊன்றி, இந்த முறை எண்ணை எனக்கும் காட்டிவிட்டுத்தான் பலகைக் கட்டைப் பிரித்தார். ஸ்கிரீட் கொட்டுகிற அன்றே தேதியைப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிவையுங்கள், எப்படியும் பெயின்ட் மறைத்துவிடும்.